கூடைக்கயிறு

தலவாக்கலையிலிருந்து லிந்துலை வழியாக அக்கரப்பத்தனைக்கு ஏறும் பஸ்ஸில் காலை வேளையில் போனால், பாதைக்கு மேலும் கீழும் கொழுந்தெடுக்கும் பெண்கள் தெரிவார்கள். இடுப்பில் படங்கு, முதுகில் கூடை. இப்போது பல தோட்டங்களில் கூடை போய் நைலோன் பை வந்துவிட்டது. கூடையோ பையோ, அதைத் தாங்குவது தோள் அல்ல, தலை. வாய்ப்பக்கம் கட்டிய கயிறு தலையைச் சுற்றிப் போய்ச் சுமையை முதுகோடு இழுத்துப் பிடித்திருக்கும். நிறுவைக்கு வந்ததும் அந்தப் பெண் கயிற்றைக் கையால் நழுவவிடுகிறாள். கூடை தன் பாரத்திலேயே கீழே இறங்குகிறது. அதை யாரும் பிடித்துத் தள்ளுவதில்லை.

நம் எல்லோருடைய உடம்புக்குள்ளும் இப்படியொரு கயிறு இருக்கிறது. இடுப்புக்கூட்டின் அடியில் தூளி கட்டியதுபோல் விரிந்து கிடக்கும் தசைகளை இடுப்புத்தளம் என்கிறோம். சிறுநீர்ப்பை, மலக்குடல், பெண்களுக்குக் கருப்பை எல்லாம் அந்தத் தூளியின் மேல்தான் இருக்கின்றன. அதில் ஒரு தசைப்பட்டை முன்பக்க இடுப்பெலும்பில் தொடங்கிப் பின்னால் போகிறது. மலக்குடலை வளைத்துப் பிடித்துக்கொண்டு, மறுபக்கமாகத் திரும்பி முன்னெலும்புக்கே வந்து சேர்கிறது. தலை இருந்த இடத்தில் எலும்பு, கூடை இருந்த இடத்தில் குடல். பட்டை இறுகியிருக்கும்போது குடல் முன்னால் இழுபட்டு, ஏறக்குறைய செங்கோணமாக மடிந்து நிற்கும். தோட்டத்துப் பீலியில் மாட்டிய ரப்பர் குழாயை மடித்துப் பிடித்தால் தண்ணீர் நின்றுவிடுகிறதே, அதே கதைதான். நடக்கும்போதும் இருமும்போதும் சுமை தூக்கும்போதும் நமக்குத் தெரியாமலே அது பிடித்துக்கொண்டிருக்கிறது. வெளிக்குப் போக உட்காரும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் அது விட்டுக்கொடுக்க வேண்டும்.

விட வேண்டிய நேரத்தில் விடாத கயிற்றைப் பற்றியது இந்த அத்தியாயம். யாருக்கும் வரக்கூடிய கோளாறுதான். ஆனால் பெருங்குடலை இழந்து, சிறுகுடலில் தைத்த ஒரு பையோடு வாழ்கிறவர்களிடம் அதை மிகத் தெளிவாகப் பார்க்கலாம்.

பெருங்குடல் போன பிறகு

பெருங்குடலின் உட்சுவர் புண்ணாகி, இரத்தமும் சளியுமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, இருபது தடவை ஓட வைக்கும் நோய் ஒன்று உண்டு. அல்சரேட்டிவ் கொலைடிஸ் என்று கிளினிக் கொப்பியில் எழுதியிருப்பார்கள். தமிழில் பெருங்குடல் புண்ணழற்சி. ராகமையிலுள்ள களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சேர்ந்தவர்கள் கொழும்பு, கம்பஹா ஆகிய இரண்டு மாவட்டங்களின் வைத்தியசாலைகளில் கணக்கெடுத்து 2010இல் வெளியிட்டார்கள். இலட்சம் பேருக்கு ஐந்து பேர் அளவில் இந்த நோய் இருந்தது. வட ஐரோப்பாவில் இது இலட்சத்துக்கு இருநூறுக்கும் மேல். நமக்குக் குறைவு என்று ஆறுதல் கொள்ளுமுன் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வைத்தியசாலைக்கு வந்தவர்களைத்தான் அந்தக் கணக்கு எண்ணியது. வயிற்றோட்டம் என்று டிஸ்பென்சரியில் மருந்தெடுத்துக்கொண்டு லயத்திலேயே படுத்துக் கிடப்பவர் எந்தக் கணக்கிலும் வரமாட்டார்.

பெரும்பாலானவர்களுக்கு மாத்திரையிலேயே நோய் அடங்கிவிடும். அடங்காதவர்களுக்கும், புற்றுநோயாக மாறும் அறிகுறி தெரிந்தவர்களுக்கும் பெருங்குடலை முழுதாக எடுத்துவிட வேண்டியிருக்கும். பரம்பரையாகப் பெருங்குடல் முழுதும் சிறுகட்டிகள் முளைக்கும் குடும்பங்களிலும் அதே சத்திரசிகிச்சைதான்.

பெருங்குடல் போனால் என்ன போகிறது? சாப்பாட்டின் சத்தைச் சிறுகுடல் ஏற்கெனவே எடுத்துவிடுகிறது. பெருங்குடலின் வேலை தண்ணீரையும் உப்பையும் மீட்பது. நாளொன்றுக்கு ஒன்றரை லீற்றர் வரை கூழாக உள்ளே வரும். அதைப் பிழிந்து நூறு, இருநூறு மில்லிலீற்றர் அளவுக்கு இறுக்கி வெளியே அனுப்பும். அது இல்லாவிட்டால் கூழ் கூழாகவே வரும். அடுத்த இழப்பு, பெருங்குடலோடு சேர்த்து எடுக்கப்படும் மலக்குடல். சேர்த்து வைக்கும் களஞ்சியம் அதுதான். நேரம் வந்ததும் தானே சுருங்கித் தள்ளி வெளியேற்றுவதும் அதுதான். இந்தத் தள்ளும் வேலையை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தள்ளத் தெரியாத பை

பெருங்குடலை எடுத்தபின் சிறுகுடலின் நுனியை நேராக மலவாயில் தைத்தால் என்ன என்று அமெரிக்காவில் ரெவிச், சபிஸ்டன் என்ற இருவர் 1947இல் முன்மொழிந்தார்கள். தைக்க முடிந்தது. ஆனால் களஞ்சியம் இல்லாத வீடு அது. வந்தது வந்தபடி வெளியேறிக்கொண்டிருந்தது. நோயாளிகளால் கக்கூஸை விட்டு அகல முடியவில்லை.

களஞ்சியம் கட்டும் வித்தையைக் கண்டுபிடித்தவர் சுவீடனின் நீல்ஸ் கொக். 1969இல் அவர் விவரித்த பை மலவாயில் சேரவில்லை. வயிற்றுச் சுவரில்தான் திறந்தது. ஆனால் அதன் தத்துவம்தான் பின்னால் வந்த எல்லாப் பைகளுக்கும் அடிப்படை. குடலை மடித்து, பிளந்து, பக்கத்தில் பக்கமாகத் தைத்தால் ஒவ்வொரு மடிப்பின் சுருக்கமும் மற்றதன் சுருக்கத்தை எதிர்த்துக் கரைத்துவிடும். பை விரியும், நிரம்பும், ஆனால் உள்ளே அழுத்தம் ஏறாது. சேர்த்து வைக்க இதைவிடத் தோதான ஏற்பாடு இல்லை. ஆனால் அழுத்தம் ஏறாத பைக்கு மலக்குடலைப் போல் உந்தித் தள்ளவும் தெரியாது. சேமிப்புக்காகக் கொடுத்த விலை அது.

1978இல் லண்டன் சென் மார்க்ஸ் வைத்தியசாலையின் அலன் பார்க்ஸும் ஜோன் நிக்கல்ஸும் அந்தப் பையைக் கீழே இறக்கி, நோயாளியின் சொந்த மலவாயோடு இணைத்தார்கள். சிறுகுடலை மூன்றாக மடித்துத் தைத்த எஸ் வடிவப் பை. வயிற்றில் நிரந்தரமாக வெளிப்பை மாட்டிக்கொண்டு வாழ வேண்டிய நிலை மாறியது. ஆனால் எதிர்பாராத ஒரு சிக்கல் வந்தது. பைக்கும் மலவாய்க்கும் இடையே சில சென்ரிமீற்றர் நீளத்தில் விட்டிருந்த குறுகிய குழாய் வளைந்து மடங்கியது. ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பை தானாகக் காலியாகவில்லை. மலவாய் வழியாக ஒரு மென்குழாயைச் செருகித்தான் காலி செய்ய வேண்டியிருந்தது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன், 1966இல், இதே பார்க்ஸ்தான் முக்குவதால் வரும் கேட்டைக் கூட்டாளிகளோடு சேர்ந்து எழுதிக்காட்டியவர். வருடக்கணக்காக முக்கி முக்கி இடுப்புத்தளம் கீழே தொங்கிப்போகிறது. தொங்கியதால் இன்னும் முழுதாகப் போகாத உணர்வு வருகிறது. அந்த உணர்வு இன்னும் முக்க வைக்கிறது என்று அந்தச் சுழலை விளக்கியவர். அவர் கையால் தைத்த பையே அவருடைய நோயாளிகளில் பாதிப் பேரை அந்தச் சுழலின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தியது.

1980இல் ஜப்பானின் உற்சுனோமியா ஜே வடிவப் பையை அறிமுகப்படுத்தினார். சிறுகுடலின் கடைசி முப்பது, நாற்பது சென்ரிமீற்றரை ஒரே மடிப்பாக மடித்து, மடிப்பின் அடியையே மலவாயில் தைப்பது. இடைக்குழாய் இல்லை. தைப்பதும் எளிது. இன்று உலகெங்கும் பெரும்பாலும் செய்யப்படுவது இதுதான். பை நன்றாக வேலை செய்கிற ஒருவர் இருபத்து நான்கு மணி நேரத்தில் ஐந்து முதல் ஏழு தடவை போவார், அதில் ஒன்று இரவில் இருக்கலாம். கஞ்சிப் பதத்தில் போகும். அதுதான் அவருக்கு இயல்பு. எங்களைப் போல் ஒரு தடவை போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டால் அங்கேதான் தொல்லை ஆரம்பிக்கும்.

முக்கு என்ற சொல்

நம் பெண்கள் இந்தச் சொல்லை உரத்துக் கேட்கும் இடம் பிரசவ வார்ட். "முக்கு புள்ள, முக்கு!" பிள்ளைப்பேற்றில் அதற்கு இடமிருக்கிறது. அங்கே கருப்பை என்ற பெரும் தசை தள்ளிக்கொண்டிருக்கிறது. தாய் அதற்குத் துணை நிற்கிறாள். குடல் பைக்கு அப்படித் தள்ளும் தசை கிடையாது. மூச்சை அடக்கி, பல்லைக் கடித்து முக்கும்போது வயிற்றுக்குள் ஏறும் அழுத்தம் பையை மட்டுமா அமுக்குகிறது? கீழே இருக்கும் தூளி முழுவதையும் அமுக்குகிறது. மேலிருந்து திடீரென்று பாரம் விழுந்தால் தூளி என்ன செய்யும்? இருமும்போது செய்வதையே செய்யும்: இறுகும். கூடைக்கயிறு இன்னும் இழுபடும். குடல் இன்னும் மடியும். மேலே தள்ளுகிறோம், கீழே கதவைச் சாத்துகிறோம்.

சென் மார்க்ஸிலேயே பிரெஸ்டனும் லெனார்ட் ஜோன்ஸும் 1985இல் இதைப் பற்றி எழுதினார்கள். பெருங்குடலின் அமைப்பில் கோளாறு இல்லாமலே தீராத மலச்சிக்கலோடு வந்த பெண்களில், முக்கச் சொன்னதும் தளர வேண்டிய தசை இறுகுவதை அவர்கள் அளந்து காட்டினார்கள். பை வைத்தவர்களிடமும் இதே பிறழ்வு காணப்படுகிறது. அவர்களுக்கு அதற்குக் கூடுதல் காரணமும் உண்டு. சத்திரசிகிச்சைக்கு முன் எத்தனையோ வருடங்கள் அவர்கள் வாழ்ந்தது ஓட்டத்தின் பயத்தில். பஸ்ஸில், கோயிலில், பெரட்டுக்களத்தில், வந்துவிடுமோ வந்துவிடுமோ என்று இடுக்கிப் பிடித்துக்கொண்டே வாழ்ந்தவர்கள். நோய் போய்விட்டது, பிடித்த பிடி போகவில்லை.

முழுதாகக் காலியாகாத பை பல வேடம் போடும். வயிறு ஊதும். போய் வந்த பத்து நிமிடத்தில் மறுபடி வரும். தேங்கிய இடத்தில் கிருமிகள் பெருகும். ஏமாற்றும் வேடம் ஒன்றும் உண்டு: ஒழுகுதல். நிரம்பிய பீப்பாய் வழிவதுபோல, காலியாகாத பை இரவில் கொஞ்சம் கொஞ்சமாகக் கசியும். நோயாளி அதை வயிற்றோட்டம் என்று நினைத்து, கட்டும் மாத்திரையைக் கேட்பார். மாத்திரை கூழை இறுக்கும், பை இன்னும் காலியாகாது, கசிவு கூடும். தசை பலவீனம் என்று நினைத்து இறுக்கும் பயிற்சி கொடுத்தாலும் இதே விளைவுதான். ஏற்கெனவே விடத் தெரியாத கயிற்றை இன்னும் முறுக்கிவிடுகிறோம்.

விரல் சொல்லும் செய்தி

ஆகவே பயிற்சிக்கு முன் காரணத்தைப் பிரித்தறிய வேண்டும். தைத்த இடம் வடுவாகிச் சுருங்கியிருக்கலாம். அப்படியென்றால் எவ்வளவு தளர்ந்தாலும் வழி குறுகியதுதான். அதை மெல்ல விரிக்க வேண்டும். மலக்குடலின் அடித்துண்டு நீளமாக விடப்பட்டிருக்கலாம், பை முறுக்கியிருக்கலாம், உள்ளே சரிந்திருக்கலாம், தையல் கசிந்து வந்த சீழ் ஆறிப் பையை விறைக்க வைத்திருக்கலாம். இவையெல்லாம் கட்டுமானக் கோளாறுகள். உள்நோக்கிக் குழாயும் படமும் இவற்றைக் காட்டும். இவை எதுவும் இல்லாதபோதுதான் கயிற்றைச் சந்தேகிக்க வேண்டும். சிலருக்கு இரண்டும் சேர்ந்திருக்கும்.

கயிற்றைச் சோதிக்கப் பெரிய வைத்தியசாலைகளில் பல வழிகள் உண்டு. அழுத்தம் அளக்கும் மெல்லிய குழாய் ஒன்று. ஐம்பது மில்லிலீற்றர் தண்ணீர் நிரப்பிய சிறு பலூனை உள்ளே வைத்து, வெளியேற்ற எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்ப்பது இன்னொன்று. பேரியம் கூழை நிரப்பி, போகும்போதே எக்ஸ்ரே எடுப்பது மூன்றாவது. ஆனால் முதல் சோதனைக்கு எந்த இயந்திரமும் வேண்டாம். வைத்தியர் கையுறை போட்ட விரலை உள்ளே வைத்து, "இப்போது போவதுபோல் செய்யுங்கள்" என்கிறார். விரலைச் சுற்றியுள்ள தசை விட்டுக்கொடுத்தால் ஒரு செய்தி. விரலைக் கவ்வினால் இன்னொரு செய்தி. நுவரெலியாவிலும் இது முடியும், ஒரு திரைச்சீலையும் நோயாளிக்குச் சங்கடமில்லாத பேச்சும் இருந்தால் போதும். பெண் நோயாளிக்குத் துணையாகத் தாதி ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு.

ஊதாங்குழல்

கயிறுதான் காரணம் என்று தெரிந்தால் மருந்து பெரும்பாலும் பயிற்சிதான். பயோஃபீட்பேக் என்பார்கள். தசையின் இறுக்கத்தை ஒரு திரையில் கோடாகக் காட்டி, அதைத் தாழ்த்தப் பழக்குவது. தன் உடம்பில் எது இறுகுகிறது, எது தளர்கிறது என்பதை நோயாளி முதன்முறையாகக் கண்ணால் பார்க்கிறார். பை வைத்தவர்களிலும் கணிசமானோருக்கு இது பலன் தருகிறது. திரை இல்லாத இடத்தில் இயன்மருத்துவரின் கையும் சொல்லும் அந்த வேலையைச் செய்யலாம்.

பயிற்சியின் சாரம் மூன்று. முதலாவது, உட்காரும் விதம். கக்கூஸ் என்ற சொல்லை ஒல்லாந்தர் நமக்கு விட்டுப்போனார்கள். குந்தியிருப்பது அதற்கும் முந்திய நம் வழக்கம். ஜப்பானில் ஆறு பேரை வைத்துப் படம் எடுத்து 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், சாதாரணமாக உட்கார்ந்து போகும்போது அந்த மடிப்பின் கோணம் 100 பாகையாகவும் குந்தும்போது 126 பாகையாகவும் இருந்தது. குந்தும்போது கயிறு பாதி தளர்ந்தே தொடங்குகிறது. முழங்கால் வலியுள்ளவர்கள், புதிதாகச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் கொமட்டில் உட்கார்ந்து, காலுக்குக் கீழே ஒரு சிறு பலகை வைத்து, முழங்கையை முழங்காலில் ஊன்றி முன்னால் சாயலாம்.

இரண்டாவது, மூச்சு. மூச்சை அடைத்தால் தூளி இறுகும். மெல்ல விட்டால் தளரும். லயத்துக் காம்பராவில் அடுப்பு ஊதும் பெண்ணுக்கு இதைப் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஈர விறகு புகையும்போது ஊதாங்குழலில் வேகமாக ஊதினால் சாம்பல்தான் பறக்கும். நீளமாக, நிதானமாக, வயிறு பக்கவாட்டில் அகல ஊதினால் தணல் பற்றும். உட்கார்ந்த இடத்தில் கற்பனைக் குழலொன்றில் அதே ஊதலை ஊதிப் பார்க்கச் சொல்ல வேண்டும். இடுப்பு அகலுகிறது, அடிப்பக்கம் இறங்குகிறது, வழி திறக்கிறது.

மூன்றாவது, நேரம். பத்து நிமிடத்துக்கு மேல் உட்கார வேண்டாம். வரவில்லையா, எழுந்து போய் ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு உந்துதல் வரும்போது வரலாம். முழுதாகப் போயாக வேண்டும் என்று உட்கார்ந்திருப்பதுதான் முக்கலின் தாய். இத்தனைக்கும் பிறகு காலியாகாதவர்களுக்குப் பார்க்ஸ் காலத்து மென்குழாய் இன்றும் உதவுகிறது. அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கூழின் பதமும் முக்கியம். சோறும் கஞ்சியும் வாழைப்பழமும் கூழைத் திரட்டும். கொச்சிக்காய் போகும் வழியெல்லாம் எரிக்கும். எரிச்சல் தசையை இறுக்கும். பெருங்குடல் இல்லாதவர் உப்பையும் நீரையும் கூடுதலாக இழக்கிறார். அடிக்கடி போகிறது என்று தண்ணீரைக் குறைப்பது பிழை. வெயிலில் வேலை செய்த நாளில், வயிறு ஓடிய நாளில் வெறும் தண்ணீரைவிட ஜீவனி உப்புக்கரைசல் நல்லது.

மலையில் எங்கே போவது?

இவ்வளவையும் ராகமையிலோ கண்டியிலோ ஒரு கிளினிக்கில் சொல்லிக்கொடுத்து அனுப்பிவிடலாம். தலவாக்கலையைத் தொடும் மலைநாட்டு ரயில்பாதை ராகமை வழியாகத்தான் கொழும்புக்குப் போகிறது. வழி தூரம்தான், இல்லாத வழி அல்ல. ஆனால் பயிற்சி பெற்ற பெண் திரும்பி வந்து மறுபடி கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு மலைக்கு ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். பெரட்டு காலையில். லயம் ஒரு மலைக்கு அப்பால். கொழுந்தெடுக்கும் இடத்தில் கக்கூஸ் கிடையாது. குடல் பை இல்லாத பெண்களே காலையில் தண்ணீர் குடிக்காமல் வந்து, சாப்பாட்டு நேரம்வரை அடக்கிக்கொண்டு நிற்கும் இடம் அது. ஐந்து, ஏழு தடவை போக வேண்டிய உடம்புக்கு அங்கே தெரிந்த ஒரே வழி, இடுக்கிப் பிடிப்பது. முதுகிலும் பாரம், பாரம் ஏற ஏறக் கீழேயுள்ள தூளி இன்னும் இறுகும். கிளினிக்கில் ஆறு வாரம் பழகியதை மலை ஆறு நாளில் மறக்கடித்துவிடும்.

இடுப்புத்தளத்தை உடற்கூற்றுப் புத்தகம் தசை என்று வரைகிறது. அது வாழ்க்கை பழக்கிய தசை. எத்தனை பிள்ளை பெற்றாள், எவ்வளவு சுமந்தாள், எத்தனை மணி நேரம் அடக்கினாள் என்பதெல்லாம் அதில் பதிந்திருக்கிறது. இறுக்கிப் பிடிக்க அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, இடம் பழக்கியது. விடுவதற்கும் ஓர் இடம் வேண்டும்: தாழ்ப்பாள் போடக்கூடிய கதவு, தண்ணீர், வெளியே யாரும் தட்டாத பத்து நிமிடம்.

வைத்தியசாலையிலிருந்து துண்டு வெட்டும்போது டயக்னோசிஸ் கார்டில் பெரும்பாலும் ஒரு வரி எழுதுவார்கள்: பாரம் தூக்க வேண்டாம். பை வைத்த தொழிலாளியின் கார்டில் அதன்கீழே இன்னொரு வரியும் இருக்க வேண்டும்: கக்கூஸ் பக்கத்தில் இருக்கும் வேலை கொடுக்கவும். பிள்ளைக் காம்பராவோ, தொழிற்சாலையோ, லயத்துக்கு அடுத்த மலையோ, எது என்று தோட்டம் முடிவு செய்யட்டும். அந்த வரியைக் கேட்டு வாங்குவது நோயாளியின் வேலை. எழுதுவது வைத்தியரின் வேலை. மாத்திரைச் சீட்டைப் போலவே அதுவும் சிகிச்சைதான்.